புரை அறுவைக்கு முன் ஒரு துளிக் கண்ணீர்

கண்புரை அறுவை முடிந்து ஒரு மாதம் கழித்து வருகிறவர்களில் ஒரு சாராரின் பேச்சு எங்கள் தொழிலில் உள்ள எல்லோருக்கும் பழக்கமானது. எழுத்துப் பலகையின் கடைசி வரி வரை வாசித்துவிடுவார்கள். லென்ஸ் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கும், விழித்திரையில் குறை இருக்காது. ஆனாலும் ‘மண்ணு விழுந்த மாதிரி உறுத்துது’, ‘காலையில தெளிவா இருக்கு, சாயங்காலம் மங்குது’, ‘சும்மா உக்காந்திருந்தாலே தண்ணி ஊத்துது’ என்பார்கள். ஆபரேஷனுக்கு முன்னால் இந்தத் தொல்லை இல்லையே என்ற வருத்தம் அந்தப் பேச்சுக்குள் இருக்கும். அந்த வருத்தத்தில் பாதிதான் உண்மை. தொல்லை தெரியாமல் இருந்திருக்கலாம், ஆனால் அதற்கான நிலைமை பெரும்பாலானவர்களின் கண்ணில் முன்பே இருந்திருக்கும். கண்ணீரில் அளந்து பார்க்கத்தக்க பயோமார்க்கர்களைக் கொண்டு, யாருக்கு இந்த வறட்சி வரும் என்று அறுவைக்கு முன்பே சொல்ல முடியுமா? கடந்த சில ஆண்டுகளாகக் கண் மருத்துவம் இந்தக் கேள்வியைத்தான் துரத்துகிறது. இன்று கையில் உள்ள சோதனைகள் வறட்சி இருக்கிறதா என்று நன்றாகச் சொல்கின்றன. அறுவைக்குப் பின் யாருடைய கண் தேறாமல் நிற்கும் என்பதை அவை தனித்து நின்று சொல்வதில்லை. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டால் சோதனையின் பயன் கெட்டுப்போகும். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அறுவை கண்ணின் மேற்பரப்பை என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். உடலில் நரம்பு முனைகள் மிக நெருக்கமாக அமைந்த திசுக்களில் கருவிழியும் ஒன்று. நரம்புகள் அதன் விளிம்பிலிருந்து நடுவை நோக்கி ஓடுகின்றன. புரையை ஒலியலையால் உடைத்து எடுக்கும் ஃபேக்கோ முறையில் ஓரத்தில் போடும் வெட்டு 2.2 முதல் 2.8 மில்லிமீட்டர்தான் என்றாலும், அந்த இடத்தைக் கடக்கும் நரம்புகள் அறுபடுகின்றன. உணர்வு குறைந்தால் கண்ணீர் சுரக்கச் சொல்லும் செய்தியும், இமைக்கச் சொல்லும் செய்தியும் குறைகின்றன. எஸ்.ஐ.சி.எஸ். என்று நாங்கள் சொல்லும் கைமுறை அறுவையில் வெட்டு 6 முதல் 7 மில்லிமீட்டர் வரை போகும். அது வெள்ளை விழியில் அமைவதால் கருவிழி நரம்புக்குச் சேதம் வேறு விதமானது. ஆனால் மேலே போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வை ஒதுக்கி, ரத்தக் கசிவை நிறுத்தச் சூடு வைக்க வேண்டியிருக்கிறது. கண்ணீரைக் கருவிழியோடு ஒட்டவைக்கும் சளிப்பொருளைச் சுரக்கும் செல்கள் அந்தச் சவ்வில்தான் இருக்கின்றன. இவற்றோடு மரத்துப்போகச் செய்யும் சொட்டு, நுண்ணோக்கியின் வெளிச்சம், கிருமி நீக்க இடும் 5 சதவீதப் போவிடோன் அயோடின் எல்லாம் சேர்கின்றன. அயோடினைத் தவிர்க்கவே கூடாது, கண்ணுக்குள் சீழ் பிடிப்பதைத் தடுப்பது அதுதான். பின்னர் வாரக்கணக்கில் போடும் சொட்டு மருந்துகளில் பென்ஸால்கோனியம் குளோரைடு என்ற பதப்பொருள் இருந்தால், அது மேற்பரப்புச் செல்களை நாள்தோறும் அரிக்கிறது.

இத்தனை அடிகளையும் தாங்கிக்கொண்டு பெரும்பாலான கண்கள் தேறிவிடுகின்றன. 2013-இல் தாய்லாந்திலிருந்து வெளியான ஓர் ஆய்வில், ஃபேக்கோ செய்துகொண்டவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குப் புதிதாக வறட்சி வந்தது. ஏழாம் நாள் வாக்கில் அது உச்சத்தில் இருந்தது, ஒரு மாதத்திலும் மூன்று மாதத்திலும் படிப்படியாகத் தணிந்தது. ஆனால் 2018-இல் அமெரிக்காவின் மயாமியிலிருந்து வந்த ஆய்வுகள் வேறொரு பக்கத்தைக் காட்டின. அறுவை முடிந்து ஆறு மாதம் ஆன பிறகு கேட்டபோதும் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் வறட்சி போன்ற தொல்லை இருப்பதாகச் சொன்னார்கள். பத்தில் ஒன்றுக்கும் மூன்றில் ஒன்றுக்கும் உள்ள தூரம் பெரியது. வறட்சி என்று எதை எண்ணினார்கள், எப்போது எண்ணினார்கள் என்பது மாறியதால் வந்த தூரம் அது. கண்ணில் தெரியும் அறிகுறியை வைத்து எண்ணினால் ஒரு தொகை வருகிறது, நோயாளி சொல்லும் தொல்லையை வைத்து எண்ணினால் இன்னொன்று வருகிறது. ஏழாம் நாள் வறட்சியை முன்கூட்டிச் சொல்லிப் பெரிய லாபம் இல்லை, அது தானாகவே அடங்கும். ஆறாம் மாதத்தில் யார் அந்த மூன்றில் ஒருவராக இருப்பார் என்று சொல்ல முடிந்தால்தான் அது மருத்துவத்துக்கு உதவும்.

அறுவைக்கு முன் கண்கள் எந்த நிலையில் இருக்கின்றன என்பது பற்றி இப்போது நல்ல தகவல் இருக்கிறது. அமெரிக்காவில் பல இடங்களில் நடந்து 2017-இல் வெளியான ஓர் ஆய்வில், புரை அறுவைக்கு வந்த 136 பேரைப் பரிசோதித்தார்கள். அவர்களில் முன்பே கண் வறட்சி என்று கண்டறியப்பட்டிருந்தவர்கள் ஏறக்குறைய 22 சதவீதம். ஆனால் சாயம் இட்டுப் பார்த்தபோது 77 சதவீதக் கண்களின் கருவிழியில் சேதம் தெரிந்தது. 63 சதவீதக் கண்களில் கண்ணீர்ப் படலம் ஐந்து விநாடிக்குள் உடைந்தது. பாதிக் கண்களில் சேதம் பார்வைக்கு நேரான நடுப்பகுதியிலேயே இருந்தது. இதில் பெரும்பாலோர் உறுத்தல் என்றே சொல்லவில்லை. அதற்கு அடுத்த ஆண்டு நியூயார்க்கிலிருந்து வெளியான ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது. 120 பேரின் கண்ணீரில் உப்புச் செறிவையும், எம்.எம்.பி.-9 என்ற அழற்சி நொதியையும் சோதித்தார்கள். எந்தத் தொல்லையும் இல்லை என்றவர்களிலேயே 85 சதவீதம் பேருக்கு இரண்டில் ஒன்றாவது இயல்புக்கு மாறாக இருந்தது. பயோமார்க்கர்களுக்குச் சார்பாக எனக்குத் தெரிந்த மிக வலுவான சான்று இதுதான். வாய் திறந்து சொல்லாதவரின் கண்ணில் உள்ளதை அவை காட்டுகின்றன. நம் ஊரில் இதற்கு இன்னொரு முக்கியத்துவமும் உண்டு. நெடுநாள் சர்க்கரை நோயாளிகளுக்குக் கருவிழியின் உணர்வு மங்கிவிடுகிறது. மேற்பரப்பு புண்ணாகிக் கிடந்தாலும் அவர்கள் குறை சொல்ல மாட்டார்கள்.

இந்த மறைந்த வறட்சி லென்ஸ் அளவையும் கெடுக்கிறது. எந்தப் பவர் லென்ஸ் வைப்பது என்று கணக்கிடக் கருவிழியின் வளைவை அளக்கிறோம். அந்த அளவு கண்ணீர்ப் படலத்தில் பட்டுத் திரும்பும் ஒளியிலிருந்துதான் கிடைக்கிறது. 2015-இல் வெளியான ஓர் ஆய்வு, கண்ணீரின் உப்புச் செறிவு கூடிய கண்களில் ஒரே அளவை இரண்டு முறை எடுத்தால் வெவ்வேறு விடை வருவது அதிகம் என்றும், அதனால் லென்ஸ் பவர் அரை டயாப்டருக்கு மேல் மாறுவதும் அதிகம் என்றும் காட்டியது. கருவிழி வளைவின் கோணலைத் திருத்தும் டோரிக் லென்ஸ், தூரமும் கிட்டமும் ஒருசேரக் காட்டும் மல்டிஃபோகல் லென்ஸ் ஆகியவற்றைச் சொந்தப் பணம் போட்டு வாங்குகிறவருக்கு அரை டயாப்டர் சின்ன விஷயம் அல்ல.

இனி பயோமார்க்கர் எனப்படும் அந்தக் குறிகளைப் பார்ப்போம். கண்ணில் எந்நேரமும் நிற்கும் கண்ணீர் ஏறக்குறைய 7 மைக்ரோலிட்டர், நாம் போடும் ஒரு சொட்டு மருந்து அதைப்போல் பல மடங்கு. அந்தச் சிறு அளவுக்குள் நூற்றுக்கணக்கான புரதங்கள் இருக்கின்றன. கண்ணீர் ஆவியாவது கூடினாலோ சுரப்பது குறைந்தாலோ உப்புச் செறிவு ஏறுகிறது. லிட்டருக்கு 308 மில்லி ஆஸ்மோல் என்பதும், இரு கண்களுக்கிடையே 8-க்கு மேல் வேறுபாடு என்பதும் பொதுவாகக் கொள்ளும் எல்லைகள். இதை அளக்கும் கருவிக்கு 50 நானோலிட்டர் போதும், அதாவது ஒரு மில்லிலிட்டரில் இருபதாயிரத்தில் ஒரு பங்கு. உப்பு ஏறிய கண்ணீர் மேற்பரப்புச் செல்களை உசுப்புகிறது. அவை இன்டர்லூக்கின்-1பீட்டா, இன்டர்லூக்கின்-6, டி.என்.எஃப். ஆல்ஃபா போன்ற அழற்சிப் பொருள்களை வெளியிடுகின்றன. அவற்றின் தூண்டுதலால் எம்.எம்.பி.-9 கூடி, செல்களை ஒன்றோடொன்று இறுக்கி வைத்திருக்கும் பிணைப்பை அறுக்கிறது. மில்லிலிட்டருக்கு 40 நானோகிராமுக்கு மேல் போனால் நிறக்கோடு காட்டும் சோதனை அட்டை சந்தையில் இருக்கிறது, பத்து நிமிடத்தில் விடை தெரியும். கண்ணீர்ச் சுரப்பி சோர்ந்தால் லாக்டோஃபெரின், லைசோசைம் ஆகியவை குறைகின்றன. சளிப்பொருள் செல்கள் அழிந்தால் எம்.யூ.சி.5ஏ.சி. என்ற மியூசின் குறைகிறது. நரம்பு அடிபட்டதன் தடயமாக நரம்பு வளர்ச்சிக் காரணி, சப்ஸ்டன்ஸ் பி, சி.ஜி.ஆர்.பி. ஆகியவற்றை ஆய்வுக்கூடங்களில் அளக்கிறார்கள். உப்பு முதலில், அழற்சி அடுத்து, சேதம் அதற்கடுத்து என்று இவை ஒரு வட்டமாகவே சுழல்கின்றன. சேதம் மீண்டும் உப்பை ஏற்றும். அறுவை இந்த வட்டத்துக்குள் எந்த இடத்தில் வேண்டுமானாலும் நுழைந்து அதை வேகப்படுத்தக்கூடும்.

இவ்வளவு தெளிவாக இருக்கும்போது முன்கணிப்பு ஏன் கடினம்? ஒரு எளிய கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நியூயார்க் ஆய்வில் எம்.எம்.பி.-9 கூடியிருந்தவர்கள் ஏறக்குறைய 63 சதவீதம். மயாமி ஆய்வில் ஆறு மாதத்துக்குப் பிறகும் தொல்லைப்பட்டவர்கள் ஏறக்குறைய 33 சதவீதம். இரண்டும் வேறு வேறு கூட்டங்கள்தான், ஆனாலும் வாதத்துக்காக ஒரே நூறு பேர் என்று வைத்துக்கொள்வோம். தொல்லைப்படப்போகும் 33 பேரும் ஒருவர் விடாமல் அந்த 63-க்குள் இருந்துவிட்டார்கள் என்றே கொள்வோம். சோதனைக்கு இதைவிடச் சாதகமான நிலை இருக்க முடியாது. அப்போதும் கோடு விழுந்த இருவரில் ஏறக்குறைய ஒருவருக்கு ஒன்றும் நேராது. உண்மை உலகில் அந்த 33 பேரில் சிலர் கோடு விழாத பக்கத்திலும் இருப்பார்கள், கணிப்பு இன்னும் நழுவும். ஏறக்குறைய மூன்றில் இருவரிடம் காணப்படும் ஒரு குறியை வைத்து மூன்றில் ஒருவரைப் பிரித்தெடுக்கக் கேட்பது அந்தக் குறியிடம் அதனால் ஆகாததைக் கேட்பதாகும். போதாததற்கு எம்.எம்.பி.-9 வறட்சிக்கு மட்டும் உரியதும் அல்ல. ஒவ்வாமையிலும், தொற்றிலும், தளர்ந்து மடிந்த சவ்விலும் அது கூடும். சோதனை அட்டையில் வெறும் ஆம், இல்லை என்று மட்டும் பார்த்தால் 41-க்கும் 400-க்கும் வித்தியாசம் தெரியாது.

அறுவைக்குப் பின் அளந்து முன்கணிக்கலாமே என்பவர்களும் உண்டு. முதல் மாதத்தில் நோயாளி ஸ்டீராய்டு சொட்டு போட்டுக்கொண்டிருக்கிறார். அழற்சிக் குறிகள் அந்த மருந்தின் கீழ் அடங்கிக் கிடக்கும். சொட்டு நின்ற பிறகுதான் உண்மை நிலை தெரியும். ஐந்தாம் ஆறாம் வாரத்தில் ‘இப்பதான் புதுசா உறுத்துது’ என்று வருகிறவர்கள் இதனால்தான் அத்தனை பேர். ஆகவே அளவீட்டை மருந்து தொடங்கும் முன்பும், மருந்து முழுக்க நின்ற பின்பும் எடுத்தால்தான் ஒப்பிட முடியும். நாள் குறிப்பிடாமல் வெளியாகும் பயோமார்க்கர் எண்களை நான் நம்புவதில்லை.

மயாமி ஆய்வுகள் எனக்கு முக்கியமாகப் படுவதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. தொல்லை நீடித்தவர்களிடம் அடிக்கடி காணப்பட்டவை எவை தெரியுமா? பெண்ணாக இருப்பது, தன் உடலையே தாக்கும் எதிர்ப்பு நோய் இருப்பது, உடலின் வேறு இடங்களில் நாள்பட்ட வலி இருப்பது, ஒவ்வாமைக்கும் மனச்சோர்வுக்கும் மாத்திரை சாப்பிடுவது. இவற்றில் எதையும் அறியக் கண்ணீரை எடுக்க வேண்டியதில்லை, உட்காரவைத்துக் கேட்டால் போதும். முழங்கால் வலியும் முதுகு வலியும் ஆண்டுக்கணக்கில் உள்ளவரின் நரம்பு மண்டலம் சிறு தூண்டலையும் வலியாகப் பெருக்கிக் காட்டும் நிலைக்குப் போயிருக்கலாம். கருவிழியில் அறுபட்ட நரம்பு திரும்ப வளரும்போது அது வலியாகவே பதியும். உலகெங்கும் உள்ள வல்லுநர்கள் கூடி 2017-இல் வெளியிட்ட இரண்டாம் டியூஸ் அறிக்கை, கண் வறட்சியின் வரையறைக்குள் நரம்புணர்வுக் கோளாறையும் சேர்த்தது சரியான முடிவு. எனவே முன்கணிப்பு என்பது கண்ணீரின் அழற்சியையும் நரம்பின் நிலையையும் சேர்த்துப் பார்த்தாக வேண்டும். நரம்பு சார்ந்த கண்ணீர்க் குறிகள் இங்கேதான் நம்பிக்கை தருகின்றன. ஆனால் அவற்றின் அளவு மிக நுண்ணியது. கண்ணீர் எடுக்கும்போது கண் கூசினால் புதுக் கண்ணீர் சுரந்து எல்லாவற்றையும் நீர்க்கச் செய்துவிடும். எடுத்த மாதிரியை உடனே குளிரில் வைக்காவிட்டால் பெப்டைடுகள் சிதையும். எல்லோரும் ஒத்துக்கொண்ட எல்லை அளவு இன்னும் வகுக்கப்படவில்லை. ஆய்வுக்கூடத்துக்கு வெளியே அவற்றைக் கொண்டுவரும் காலம் வரவில்லை என்றே சொல்வேன்.

நம் நாட்டில் இதெல்லாம் கட்டுப்படியாகுமா என்ற கேள்வி நியாயமானது. இந்தியாவில் ஆண்டுக்கு 60 லட்சத்துக்கும் மேல் புரை அறுவைகள் நடக்கின்றன. 1976-இல் மதுரையில் பதினொரு படுக்கையோடு டாக்டர் ஜி. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, செலவைக் குறைத்தால்தான் பார்வை ஏழைக்கும் போய்ச் சேரும் என்று உலகுக்கே காட்டியது. கண் முகாமிலிருந்து பேருந்தேற்றி அழைத்துவரும் ஒவ்வொருவருக்கும் இறக்குமதிச் சோதனை அட்டை போடச் சொல்வது அந்த அடிப்படையையே குலைக்கும். நான் அதைக் கேட்கவில்லை. படி வைத்துச் செய்ய வேண்டும் என்கிறேன். எல்லோரிடமும் ஐந்தாறு கேள்விகள் கேட்கலாம். ஃப்ளோரெசின் தாள் ஒற்றி, நீல வெளிச்சத்தில் படலம் எத்தனை விநாடியில் உடைகிறது, கருவிழியில் எங்கே சாயம் ஏறுகிறது என்று பார்க்கலாம். இமையோரத்தை விரலால் அழுத்தி எண்ணெய்ச் சுரப்பியிலிருந்து வருவது தெளிந்த எண்ணெயா, பற்பசை போல் கெட்டிப்பட்டதா என்று பார்க்கலாம். இதற்கெல்லாம் சில நிமிடமும் சில ரூபாயும் போதும். கண்ணை மரக்கச் செய்யும் சொட்டும், அழுத்தம் பார்க்கும் கருவியும் கண்ணைத் தொடும் முன்பே இவற்றை முடித்துவிட வேண்டும் என்பது மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாத விதி. இந்தப் படியில் சந்தேகம் வந்தவர்களுக்கும், விலையுயர்ந்த லென்ஸ் கேட்பவர்களுக்கும், முடக்குவாதம் போன்ற நோய் உள்ளவர்களுக்கும் மட்டும் பயோமார்க்கர் சோதனை செய்யலாம். அமெரிக்கப் புரை அறுவையாளர் சங்கம் 2019-இல் வகுத்த வழிமுறை கேள்வித்தாளோடு உப்புச் செறிவு, எம்.எம்.பி.-9 இரண்டையும் முதல் படியிலேயே வைக்கிறது. அங்கே அது சரியாக இருக்கலாம். இங்கே வரிசையை மாற்றுவதே பொருந்தும். மாதிரி எடுக்கப் புதிய கருவியும் தேவையில்லை. ஓட்டோ ஷிர்மர் 1903-இல் அறிமுகம் செய்த அதே காகிதத் துண்டு கண்ணீரின் அளவையும் காட்டும், அதில் ஊறிய புரதங்களைப் பிரித்து அளக்கவும் உதவும். பெங்களூரு நாராயணா நேத்ராலயாவின் ஆய்வுக்குழு இந்த வழியில் கண்ணீர்ப் புரதங்களை அளந்து கட்டுரைகள் வெளியிட்டு வருகிறது.

முன்கூட்டித் தெரிந்து என்ன பயன், கடைசியில் எல்லோருக்கும் செயற்கைக் கண்ணீர்தானே எழுதித் தரப்போகிறோம் என்று கேட்கும் சக மருத்துவர்கள் இருக்கிறார்கள். இதை நான் ஏற்கவில்லை. அழற்சிக் குறி கூடியவருக்கு சைக்ளோஸ்போரின் போன்ற மருந்தைச் சில வாரம் முன்பே தொடங்கலாம். அழற்சி இல்லாமல் உப்பு மட்டும் ஏறியவரின் இமைச் சுரப்பிக்கு வெந்நீர் ஒத்தடமும் மசாஜும் போதலாம். பதப்பொருள் இல்லாத சொட்டுகளை யாருக்கு வாங்கித் தருவது என்று முடிவு செய்யலாம். மேற்பரப்பு தேறிய பிறகு லென்ஸ் அளவை மறுபடி எடுக்கலாம். தேறாதவருக்கு மல்டிஃபோகல் லென்ஸ் வேண்டாம் என்று சொல்லலாம். முடக்குவாத நோயாளிக்கு வலியடக்கும் சொட்டு மருந்தை யோசித்துத் தர வேண்டும் என்பது இன்னும் கனமான விஷயம். அப்படிப்பட்ட கண்களில் அறுவைக்குப் பின் கருவிழியே கரைந்துபோன நிகழ்வுகள் மருத்துவ நூல்களில் பதிவாகியிருக்கின்றன. அறுவையைத் தள்ளிப்போடுவதன் தீங்கையும் மறந்துவிடக் கூடாது. முற்றி வெளுத்த புரையோடு சுவரைத் தடவி நடக்கும் முதியவரைக் கண்ணீர்ச் சோதனைக்காக ஒரு மாதம் காக்கவைப்பது தவறு. அவர் கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிவது வறட்சியைவிட நூறு மடங்கு கொடுமை. அவருக்கு உடனே அறுவை செய்து, மேற்பரப்பைக் கூடவே கவனிக்க வேண்டும். ஆரம்பப் புரையோடு தேதி குறிக்க அவகாசம் உள்ளவருக்குத்தான் இந்தப் பேச்சு.

நமக்கு இப்போது தேவை நம் நோயாளிகளிடமே நடக்கும் ஆய்வு. மேலே சொன்ன எண்களில் பெரும்பாலானவை அமெரிக்காவிலிருந்து வந்தவை. அங்கே பெரும்பாலும் ஃபேக்கோ. சர்க்கரை நோய் இத்தனை பரவிய, வெயிலும் புழுதியும் அடுப்புப் புகையும் சேர்ந்த, கைமுறை அறுவை பெருமளவில் நடக்கும் ஒரு சமூகத்துக்கு அந்த எல்லை அளவுகள் பொருந்தும் என்று யாரும் நிறுவவில்லை. அறுவைக்கு முன் கண்ணீர் எடுத்து, மூன்றாம் மாதமும் ஆறாம் மாதமும் அதே நோயாளியை அதே கேள்விகளோடு பார்த்து, கிடைக்கும் கணிப்பு முறையை இன்னொரு ஊரின் நோயாளிகளிடம் சோதித்துப் பார்த்து வெளியிட வேண்டும். ஓர் ஊரில் கண்டுபிடித்து அதே ஊரில் சரிபார்த்த கணிப்பு முறை எதையும் நோயாளிக்குப் பயன்படுத்தக் கூடாது. இத்தனை லட்சம் அறுவை செய்யும் நாட்டால் இதைச் செய்ய முடியாது என்பதற்குக் காரணமே இல்லை.

அறுவைக்குத் தேதி வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும், சளிக்கும் அரிப்புக்கும் தூக்கத்துக்கும் போடுபவை உட்பட, எடுத்துக்கொண்டு போங்கள். மூட்டு வீக்கம், வாய் உலர்தல், நாள்பட்ட வலி எது இருந்தாலும் கண்ணுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று விட்டுவிடாமல் சொல்லுங்கள். லென்ஸுக்கு அளவெடுக்கும் முன் கண்ணீரைப் பரிசோதித்தாயிற்றா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.